ஜவ்வு கிழியும் முன் இருபது நிமிடம்

2022 நவம்பர் 7-ஆம் தேதி. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவருக்கு முழங்கால் ஜவ்வுக்காக ஆபரேஷன் செய்தார்கள். கால்பந்து வீராங்கனை அவர். ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கட்டு இறுகி, காலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காலையே எடுத்துப் பார்த்தார்கள். நவம்பர் 15 அன்று அவர் உயிர் போய்விட்டது. டாக்டர்கள் இருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் வந்தது.

தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. கட்டை எப்போது பிரித்திருக்க வேண்டும், யார் கவனிக்கவில்லை, யார் பொறுப்பு? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அத்தனை விவாதத்திலும் ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. பந்து விளையாடுகிற பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் ஜவ்வு ஏன் இப்படிப் போகிறது? போகாமல் காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. அதைத் தெரிந்துகொண்டு ஏறக்குறைய 20 வருடம் ஆகிறது. நம் பள்ளி மைதானங்களுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

சென்னையில் அந்த மரணம் நடந்து நான்காம் நாள், நவம்பர் 19 அன்று, லண்டனில் ஆர்சனல் அணிக்காக ஆடிக்கொண்டிருந்த பெத் மீட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த வருட ஐரோப்பியக் கோப்பையின் சிறந்த வீராங்கனை அவர்தான். அவருக்கும் ஜவ்வுதான். அடுத்த மாதம் அதே அணியின் விவியன் மீடமா, 2023 ஏப்ரலில் இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சன், மே மாதம் லாரா வீன்ரோய்தர். ஒரே கிளப், ஒரே சீசன், நான்கு முழங்கால். 2023 உலகக் கோப்பையில் மீடும் வில்லியம்சனும் ஆட முடியவில்லை. 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் தறுவாயில் ஸ்பெயினின் அலெக்ஸியா புதேயாஸ். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சாம் கெர். உலகின் முதல் தரமான டாக்டர்களும் புல்தரையும் கூடவே இருந்தும் இந்த நிலை. அப்படியானால் உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில், கல்குவாரி லாரி கிளப்பும் புழுதிக்குப் பக்கத்தில், கட்டாந்தரையில் பந்து உதைக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன உத்தரவாதம்?

கண்மூடித் திறப்பதற்குள்

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்தபடி, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு ஜவ்வுகள் ஓடுகின்றன. முன்பக்கம் இருப்பதை டாக்டர்கள் ‘ஏ.சி.எல்.’ என்பார்கள். மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முழங்கால் திருகிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. நேராக நடப்பதற்கு அதன் தயவு பெரிதாகத் தேவைப்படாது. வேகமாக ஓடிவந்து சட்டென்று நிற்க, நின்ற வேகத்தில் திரும்ப, எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்க அது இல்லாமல் முடியாது. கால்பந்தில் இந்த மூன்றையும் விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

யாராவது வந்து மோதினால்தான் ஜவ்வு கிழியும் என்று நாம் நினைக்கிறோம். ‘எவளோ தள்ளிவிட்டிருப்பா’ என்றுதான் வீட்டிலும் பேச்சு வரும். ஆனால் இந்தக் காயங்களில் பெரும்பாலானவற்றில் முழங்கால் மீது யாரும் மோதியிருப்பதில்லை. எதிராளி இரண்டடி தள்ளி நிற்பாள். இவள் ஓடிவந்து காலை ஊன்றித் திரும்புவாள். முட்டி உள்பக்கமாக மடியும். ‘டப்’பென்று ஒரு சத்தம். அது தனக்கே கேட்டதாகப் பலரும் சொல்கிறார்கள்.

நார்வே ஆய்வாளர்கள் ஹேண்ட்பால், கூடைப்பந்து வீராங்கனைகள் 10 பேர் காயமடைந்த வீடியோக்களை எடுத்துவைத்து, ஒவ்வொரு அசைவாக அளந்து பார்த்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வு அது. கால் தரையில் பட்டதிலிருந்து சுமார் 40 மில்லி விநாடிக்குள் ஜவ்வு கிழிந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ‘ஐயோ, முட்டி உள்ளே போகிறதே’ என்று உடம்பு உணர்ந்து தசையை இறுக்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த நொடியில் ஜாக்கிரதையாக இருப்பதென்பது யாராலும் ஆகாது. அந்த நொடிக்கு முன்பே, எப்படி இறங்க வேண்டும் என்பது காலுக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். தடுப்புப் பயிற்சியின் சூட்சுமம் மொத்தமும் இதுதான்.

ஏன் பெண்களுக்கு?

ஒரே அளவு விளையாடினால் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஏன் என்று கேட்டால் முதலில் உடம்பைக் காட்டுவார்கள். இடுப்பெலும்பு அகலம், முழங்காலுக்குள் ஜவ்வு இருக்கும் பள்ளம் குறுகல், மாதவிடாய்ச் சுழற்சியில் ஏறி இறங்கும் ஹார்மோன்கள் என்று பட்டியல் நீளும். ஹார்மோன் விஷயத்தில் ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு முடிவு இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. அதற்குள் ‘பீரியட்ஸ் நாளில் விளையாடாதே’ என்று யாரும் சட்டம் போட வேண்டாம்.

மாற்ற முடியாததைப் பேசி என்ன பயன்? மாற்றக்கூடியது தசையும் பழக்கமும். வயசுக்கு வருகிற காலத்தில் பையன்களுக்கு உயரத்தோடு தசை பலமும் கூடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் கூடுகிற அளவுக்குத் தசை பலம் தானாகக் கூடுவதில்லை. குதித்து இறங்கும்போது முட்டியை மடக்காமல் விறைப்பாக இறங்குகிறார்கள். முட்டி உள்பக்கம் சாய்கிறது. முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும். பின்தொடைத் தசை அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்தொடை பலமில்லாமல் முன்தொடையை மட்டும் நம்பி நிற்பது, பின் பிரேக்கைத் தொடாமல் முன் பிரேக்கை மட்டும் அழுத்தி பைக்கை நிறுத்துகிற மாதிரி. பத்து முறை தப்பிக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைப் பெண் உடம்பின் கோளாறாக மட்டும் பார்ப்பது வசதியான பார்வை. சந்தையில் கிடைக்கும் கால்பந்து ஷூ பெரும்பாலும் ஆண் பாதத்துக்கு அளவெடுத்தது. நல்ல மைதானம், நல்ல நேரம், அனுபவமுள்ள கோச், ஜிம் எல்லாம் முதலில் ஆண்கள் அணிக்கு. ஐந்து வயதிலிருந்து தெருவில் ஓடிக் குதித்து விழுந்து எழுகிற பையனுக்குக் கிடைக்கும் பயிற்சி, ‘பொட்டப்புள்ள எங்க குதிக்கிற?’ என்று உட்காரவைக்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. பதின்மூன்று வயதில் திடீரென்று ஒருநாள் அணிக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டு இறக்கிவிடுகிறோம். பிறகு, இடுப்பெலும்பு அகலம் என்கிறோம்!

ஸ்வீடனில் நடந்தது

ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரையுள்ள 4,564 கால்பந்துப் பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். முடிவு 2012-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. 230 கிளப்புகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வழக்கம்போல் ஆடினார்கள். மற்றவர்கள் வாரம் இரண்டு முறை, வார்ம்-அப் நேரத்தில் 15 நிமிடம், ஆறு பயிற்சிகள் செய்தார்கள். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, இரண்டு காலில் உட்கார்ந்து எழுவது, முழங்கையில் உடம்பைத் தாங்கி நிற்பது, ஒரு காலை முன்வைத்து இறங்குவது, குதித்துச் சரியாகத் தரையிறங்குவது. அவ்வளவுதான். கருவி எதுவும் கிடையாது. ஒரு சீசன் முடிவில் ஏ.சி.எல். கிழிந்தவர்கள் பயிற்சி செய்த பக்கம் 7 பேர், செய்யாத பக்கம் 14 பேர். பயிற்சி செய்த பக்கத்தில்தான் ஆட்களும் அதிகம். விளையாடிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் காயம் 64 சதவீதம் குறைந்திருந்தது.

இதற்கும் முன்பே, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா ஆய்வாளர்கள் 14 முதல் 18 வயது வரையுள்ள பெண்களிடம் இதே போன்ற வார்ம்-அப்பைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டிருந்தார்கள். முதல் வருடம் 88 சதவீதம், இரண்டாம் வருடம் 74 சதவீதம் குறைவு. அது குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல, விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள். ஆகவே அந்த எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிப்பது நல்லது. பல ஆய்வுகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்கள் சொல்வது, பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று. யாரும் மோதாமல் தானாகக் கிழிவதில் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. எனக்கு இந்த எண்களே போதும்.

தோற்றுப்போன ஒரு சோதனையையும் சொல்லியாக வேண்டும். ‘ஃபிஃபா’வின் மருத்துவப் பிரிவு ‘லெவன்’ என்றொரு பயிற்சித் தொகுப்பை உருவாக்கியது. நார்வேயில் சுமார் 2,000 பெண்களிடம் அதைச் சோதித்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காரணம் தேடினால், அணிகள் அதைச் செய்யவே இல்லை. கொஞ்ச நாள் செய்துவிட்டு, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். பிறகு ஆஸ்லோ, சான்டா மோனிகா ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை மாற்றியமைத்தார்கள். ஓட்டத்தைச் சேர்த்தார்கள், சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று படி வைத்தார்கள். அதற்குப் பெயர் ‘லெவன் ப்ளஸ்’. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாயின. அந்த அணிகளுக்குள்ளேயே, ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

ஸ்வீடனும் நார்வேயும் பணக்கார நாடு, அங்கே எடுபட்டது இங்கே எடுபடுமா என்று கேட்கலாம். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து இளைஞர் லீகில் 20 அணிகளிடம் இதே ‘லெவன் ப்ளஸ்’ஸைச் சோதித்தார்கள். ஆண்கள் அணிகள்தான். காயங்கள் 41 சதவீதம் குறைந்தன. லாகோஸ் மைதானம் நம்மூர் மைதானத்துக்கு அண்ணன் தம்பி முறைதான்.

சாலவாக்கத்தில் எப்படிச் செய்வது?

நம் பள்ளிகளில் வார்ம்-அப் என்றால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ‘கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்க’ என்பார் பி.டி. சார். ஓடி வந்ததும் வரிசையாக நின்று கையை நீட்டி, காலை நீட்டி, குனிந்து பெருவிரலைத் தொட்டு, கழுத்தைச் சுற்றுவார்கள். விசில். மேட்ச். உடம்பு சூடாகும், தப்பில்லை. ஆனால் நின்ற இடத்தில் நீட்டி நிமிர்வதால் ஜவ்வுக் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த ஐந்து நிமிடத்தை இருபது நிமிடமாக்கி, செய்வதையும் மாற்ற வேண்டும்.

‘லெவன் ப்ளஸ்’ஸில் மூன்று பகுதி. முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம். ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசையாகக் கோன் வைக்கச் சொல்கிறது கையேடு. கோன் இல்லையென்றால் பிள்ளைகளின் செருப்பே போதும். செங்கல் மட்டும் வேண்டாம், கால் இடறும். ஜோடி ஜோடியாக ஓடுவார்கள். நேராக ஓடுவது, முட்டியைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பி ஓடுவது, உள்பக்கம் திருப்பி ஓடுவது, கூட வருபவளை ஒரு சுற்று சுற்றி வருவது, பக்கவாட்டில் குதித்துத் தோளோடு தோள் இடிப்பது, முன்னால் விரைந்து பின்னால் வருவது. தோளிடிப்பில் சிரிப்பு வரும். வரட்டும்.

அடுத்த 10 நிமிடம்தான் உயிர்நாடி. முழங்கையை ஊன்றிக் கவிழ்ந்த நிலையில் 20, 30 விநாடி, அதையே பக்கவாட்டில். பிறகு ஒரு சாக்கை விரித்து அதில் மண்டி போட வேண்டும். ஜோடிக்காரி பின்னால் உட்கார்ந்து கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். தலையிலிருந்து முட்டி வரை நேர்க்கோடாக வைத்துக்கொண்டு, இடுப்பை மடக்காமல், முடிந்த மட்டும் மெதுவாக முன்னால் சாய வேண்டும். பிடி விட்டுப்போகிற இடத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்ளலாம். பின்தொடை இழுக்கிற இழுப்பில் முதல் நாள் மூன்று முறைக்கு மேல் முடியாது. மூன்று போதும் என்றுதான் கையேடும் சொல்கிறது. மறுநாள் மாடிப்படி ஏறும்போது தொடை வலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் அம்மாக்கள் பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

அப்புறம் பந்தைக் கையில் பிடித்து ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. உட்கார்ந்து எழுவது. கடைசியாகக் குதிப்பது. ஆசிரியர் கண்ணை எடுக்கக் கூடாத இடம் இந்தக் குதிப்பு. எதிரில் நின்று முட்டியை மட்டும் பார்க்க வேண்டும். இறங்கும்போது முட்டி பாதத்துக்கு நேர் மேலே இருக்கிறதா, ஒன்றையொன்று முத்தமிடப் போகிறதா? இதற்கு விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. ‘முட்டிய உள்ள விடாதம்மா, கட்டை விரலுக்கு நேரா வை’ என்று ஒரு தரம், ‘சத்தம் வராம இறங்கு’ என்று ஒரு தரம். சத்தம் வராமல் இறங்கு என்று சொன்னால் போதும். முன்பாதம் முதலில் படும், முட்டி தானாக மடியும், இடுப்பு பின்னால் போகும். தொம்மென்று சத்தம் கேட்டால் எங்கோ விறைப்பு இருக்கிறது என்று அர்த்தம். செல்போன் இருந்தால் எதிரிலிருந்து ஒரு வீடியோ எடுத்து அவளுக்கே காட்டலாம். நூறு முறை சொல்வதைவிட அது வேலை செய்யும்.

மிச்சம் 2 நிமிடம் வேகம். மைதானத்தின் குறுக்கே ஓட்டம், தாவி ஓட்டம், ஐந்தாறு எட்டு வைத்துச் சட்டென்று காலை ஊன்றித் திரும்பும் ஓட்டம். மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிடம். வாரம் இரண்டு நாளாவது. செலவு என்று பார்த்தால் அந்தச் சாக்கு ஒன்றுதான்.

எது தடுக்கிறது?

நேரம்தான் முதல் தடை. நாற்பது, நாற்பத்தைந்து நிமிட பி.டி. பீரியடில் இருபதை வார்ம்-அப்புக்குக் கொடுத்தால் ஆட என்ன மிஞ்சும் என்பார்கள். அந்த பீரியடையே கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டு போகிற பள்ளிகளும் உண்டு. இரண்டாவது, பல கிராமப் பள்ளிகளில் பெண்கள் கால்பந்து அணி என்பது குறுவட்டப் போட்டிக்குத் தேதி அறிவித்த பிறகு கூடுகிற அணி. கபடி, கோ-கோ, வாலிபால் ஆடும் அதே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான் கால்பந்துக்கும். ஒரு வாரப் பயிற்சி, பிறகு குறுவட்டம், ஜெயித்தால் மாவட்டம், பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள். உடம்பு பழகக் குறைந்தது ஆறு, எட்டு வாரமாவது வேண்டும்; நாம் தருவது ஆறு, எட்டு நாள். சுடிதாரில், கடன் வாங்கிய ஷூவில், சில சமயம் வெறுங்காலில். கபடியும் கோ-கோவும் சட்டென்று நின்று திரும்புகிற ஆட்டங்கள்தான் என்பதால், இந்த வார்ம்-அப் கால்பந்துக்கு மட்டும் என்று இல்லாமல் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வருடம் முழுக்கக் கொடுக்கலாம்.

மூன்றாவது தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வலித்தாலும் பெண்பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டில் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம்விட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. தடுத்த காயம் கண்ணுக்குத் தெரியாது. ஓர் ஏ.சி.எல். கிழிவதைத் தடுக்க நூறு பேருக்கு மேல் ஒரு சீசன் முழுக்கப் பயிற்சி செய்ய வேண்டியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அந்த நூறு பேரில் தப்பித்தவள் யார் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. கப் வாங்கிய கோச்சுக்குப் பாராட்டு விழா நடக்கும். ஒரு முழங்கால்கூடப் போகாமல் பார்த்துக்கொண்ட பி.டி. மிஸ்ஸுக்கு என்ன விழா எடுப்பது?

கிழிந்துவிட்டால்

விழுந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனதும் நடப்பது பெரும்பாலும் இதுதான். ‘சுளுக்கு’ என்பார்கள். எண்ணெய் போட்டு நீவுவார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் புத்தூர்க் கட்டுக்கும் கூட்டிப்போவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவது உண்டு. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. சில வாரத்தில் வீக்கம் வற்றும், வலி குறையும், நடப்பாள். சரியாகிவிட்டது என்று மறுபடி மைதானத்தில் இறங்குவாள். திரும்பும்போது முட்டி ‘விலகும்’. அப்படி விலகும் ஒவ்வொரு முறையும், எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியலாம். முதல் காயத்தைவிட இது மோசம்.

ஆகவே ‘டப்’ சத்தம், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீக்கம், காலை ஊன்றும்போது முட்டி நழுவுகிற உணர்வு, இவை இருந்தால் நீவக் கூடாது. ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். சாலவாக்கத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ போகலாம். கையாலேயே முட்டியை இழுத்துப் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவார்கள், எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்யும்.

முழுசாகக் கிழிந்த ஏ.சி.எல். பெரும்பாலும் தானாக ஒட்டாது. மறுபடி பந்து ஆட வேண்டுமென்றால் தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நார் எடுத்துப் புது ஜவ்வு வைப்பார்கள். சென்னையில் நடந்ததை நினைத்து இந்த ஆபரேஷனுக்கே பயப்பட வேண்டாம். உலகம் முழுக்க அன்றாடம் நடக்கிற, பெரும்பாலும் நல்லபடியாக முடிகிற சிகிச்சை இது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. குறைந்தது ஒன்பது மாதம் பிசியோதெரபி. பெத் மீட் மறுபடி களமிறங்கியது 2023 அக்டோபரில், ஏறக்குறைய பதினொரு மாதம் கழித்து. அவருக்குக் கிளப் இருந்தது, சம்பளம் வந்தது, பக்கத்திலேயே பிசியோ. சாலவாக்கத்துப் பெண் வாரம் இரண்டு மூன்று முறை பஸ் ஏறிப் போக வேண்டும், கூட வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். மூன்றாம் மாதமே வலி இல்லையென்று நிறுத்திவிடுவார்கள். அவசரப்பட்டு ஆட்டத்துக்குத் திரும்பும் இளம் வயதினருக்கு மறுபடி கிழிவது சகஜம்.

அதோடும் முடிவதில்லை. ஏ.சி.எல். கிழிந்த ஸ்வீடன் கால்பந்து வீராங்கனைகளைப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தேடிப்பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். 2004-இல் வந்த ஆய்வு. சராசரி வயது 31. பாதிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம். பாட்டிக்கு வர வேண்டிய முட்டிவலி, கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிவைத்திருக்கும் வயதில்.

இழக்கப் போவது யாரை?

தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து இப்போது சாதாரண இடத்தில் இல்லை. 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று சீனியர் தேசிய சாம்பியன். 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று இரண்டாம் முறை. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது. கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று இந்திய அணிக்குப் போனார்கள். 2025 ஜூலையில் இந்தியா தாய்லாந்தைச் சியாங் மாயில் தோற்கடித்து, முதல் முறையாகத் தகுதிச் சுற்று ஆடி வென்று ஆசியக் கோப்பைக்கு இடம்பிடித்தது. இவர்களில் பலர் பெரிய அகாடமியில் பிறந்தவர்கள் அல்ல; கட்டாந்தரையில், ஒரு பிடிவாதமான கோச்சிடம் ஆரம்பித்தவர்கள். அடுத்த இந்துமதி உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஏதோ ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கலாம். பதினாலு வயதில் முட்டி போனால் அவள் பெயர் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். குறுவட்டப் போட்டிக்குப் பதிவு செய்யும் அணி, எட்டு வாரம் இந்த வார்ம்-அப் செய்ததாக உடற்கல்வி ஆசிரியர் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒருநாள் செய்முறைப் பயிற்சி. மைதானச் சுவரில் 15 பயிற்சிகளையும் படமாக வரைய ஒரு பெயிண்ட் டப்பா. ஊர்ச் சபைக்கான விதிகளைக் கல்லில் வெட்டிப் பொதுவில் வைத்த உத்திரமேரூர் பக்கத்திலேயே இருக்கிறது. சுவரில் எழுதுவது அதைவிடச் சுலபம்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ‘ஃபிஃபா லெவன் ப்ளஸ்’ என்று யூடியூபில் தேடினால் பயிற்சிகளின் வீடியோ காசில்லாமல் கிடைக்கிறது. உங்கள் பெண் பந்து விளையாடுகிறாள் என்றால் இன்று ராத்திரி அவளோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, ‘சார், விளையாடறதுக்கு முன்னாடி புள்ளைங்களுக்கு என்ன வார்ம்-அப் குடுக்கறீங்க?’ என்று கேளுங்கள். ‘ரெண்டு ரவுண்டு ஓட விடறோம்மா’ என்று பதில் வந்தால், அந்த வீடியோவை அவருக்கு அனுப்பிவையுங்கள்.